மேடைக்கேற்ற பியானோ
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாச் சொற்பொழிவு என்றால் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. அத்தகைய மேடையில் ஒரு மின்கருவியை விலைக்கு வாங்குவது பற்றிப் பேச எழுந்திருக்கும் என் துணிவைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். இப்பொருளை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் மண்டபத்திற்கென ஒரு டிஜிட்டல் மேடைப் பியானோ வாங்குவதென்று செயற்குழு முடிவு செய்தது, நன்கொடையும் திரட்டிற்று. எந்தக் கருவி என்பதில் மட்டும் கருத்து ஒருமிக்கவில்லை. "நம் சங்கத்தின் பெயருக்குத் தக்கதாய், மிக உயர்ந்ததாய் இருக்கவேண்டும்" என்றனர் சிலர். "பிள்ளைகள் தட்டிப் பழகுவதற்கு எதுவானால் என்ன?" என்றனர் வேறு சிலர். முப்பது ஆண்டுக் காலம் பகலில் வங்கிக் கணக்கும் மாலையில் மெல்லிசைக் குழுவில் கட்டையும் தட்டியவன் என்ற தகுதியை எண்ணி, பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்கள். பணம் தங்கள் பணம். ஆகவே நான் எவ்வாறு எண்ணுகிறேன் என்பதைத் தங்களிடம் சொல்லிவிடுவது முறை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இதைச் சொல்ல அக்குடும்பத்தாரின் இசைவைப் பெற்றிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில், எங்கள் கட்டடத்திலேயே வாழும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகளுக்கு அப்போது பத்து வயது. பாந்திராவில் ஓர் அம்மையாரிடம் பியானோ கற்கச் சேர்ந்திருந்தாள். "அண்ணா, வீட்டில் பழக எந்தக் கருவி வாங்கலாம்?" என்று கேட்டார். தீபாவளி போனசை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "குழந்தைதானே, 61 கட்டை உள்ள சாதாரணக் கீபோர்டு போதும், மிச்சப் பணத்தை வங்கியில் போடுங்கள்" என்றேன். என் சொல்லை வேதவாக்காகக் கொண்டு அவ்வாறே செய்தார். அப்பெண் இரண்டாண்டு இடைவிடாது பழகினாள். மாலை ஆறு மணிக்கு அவ்வீட்டிலிருந்து இசை எழாத நாள் இல்லை. பிறகு நான்காம் நிலைத் தேர்வுக்குச் சென்றாள். தேர்வுக்கூடத்தில் இருந்ததோ உண்மையான, தந்தி பூட்டிய பியானோ. திரும்பி வந்து படிக்கட்டில் என்னைக் கண்டதும் அவள் சொன்னது இது: "மாமா, அந்தப் பியானோவில் மெதுவாக வாசித்தால் சத்தமே வரவில்லை. பலமாக வாசித்தால் இடி மாதிரி வருகிறது. என் விரலுக்கு என்ன ஆயிற்று?"

அவள் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு என்னுடையது. தேர்ச்சிக்குரிய மதிப்பெண் அவளுக்குக் கிட்டவில்லை. அடுத்த மாதமே வகுப்பை நிறுத்திவிட்டாள். கீபோர்டு பழைய வேட்டியொன்றில் சுற்றப்பட்டுப் பரணேறிற்று. நண்பர் இன்றுவரை என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்றே ஆறுதலாய் இருந்திருக்கும்.

நான் எங்கே பிழைத்தேன் என்பதை விளக்கினால், கருவியைத் தேரும் கலையின் பாதி விளங்கிவிடும்.

1700-ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலியின் புளோரன்சு நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் ஒரு புதுக்கருவி செய்தார். அதற்கு முன்னிருந்த ஆர்ப்சிகார்டு என்னும் கருவியில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் வல்ல அழுத்தினாலும் ஒலி ஒன்றே. கிறிஸ்டோஃபோரி முள்ளை நீக்கிச் சுத்தியலை வைத்தார். விரலின் வேகம் சுத்தியலின் வேகமாகி, சுத்தியலின் வேகம் ஒலியின் வன்மையாயிற்று. பியானோ ஃபோர்ட்டே என்ற பெயருக்கே 'மென்மை, வன்மை' என்பது பொருள். ஆக, அக்கருவியின் உயிர் விரலுக்கும் சுத்தியலுக்கும் இடையேயுள்ள எடையில் இருக்கிறது. பழக்கமான பியானோவில் நடுவிலுள்ள ஒரு கட்டையைக் கீழே இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். நான் வாங்கச் சொன்ன கருவியிலோ, அடியில் ஒரு வில்சுருள் மட்டும் உண்டு, ஊதினாலே இறங்கும். அதில் பழகிய விரல் மெலிந்த விரலாகத்தான் இருக்கும்.

டிஜிட்டல் கருவியில் தந்தி இல்லை. நல்ல பியானோ ஒன்றின் ஒவ்வொரு சுரத்தையும் மெல்லெனவும் வல்லெனவும் பல படிகளில் ஒலிப்பதிவு செய்து நினைவகத்தில் வைத்திருப்பார்கள். கட்டைக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உணரிகள் உள்ளன. முதல் உணரியைத் தொட்டு இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரமாயிற்று என்று கருவி கணக்கிடுகிறது. அதுவே விரலின் வேகம். வேகத்துக்குத் தக்க பதிவை எடுத்து ஒலிக்கிறது. மேலான கருவிகளில் மூன்றாவது உணரியும் உண்டு. கட்டை முழுதும் மேலெழுமுன்னரே அதே சுரத்தை மீண்டும் தட்ட அது துணைசெய்யும். எடைக்காகக் கட்டையோடு சிறு சுத்தியல் போன்ற நெம்புகோலை இணைக்கிறார்கள். தாழ்ந்த சுரங்களில் கனம் மிகுந்தும் உயர்ந்த சுரங்களில் குறைந்தும் இருக்குமாறு படிப்படியாக அமைத்தால், அதைத் 'தரப்படுத்திய சுத்தியல் அமைப்பு' என்பர். விளம்பரத் தாளில் 'பாதி எடை' என்று அச்சிட்டிருந்தால் அது வேறு. அது வில்சுருளுக்குச் சற்றே மேம்பட்டது, அவ்வளவே. பியானோ கற்கும் பிள்ளைக்கு முழுச் சுத்தியல் அமைப்பும் 88 கட்டையும் இன்றியமையாதவை. இவ்விரண்டில் மட்டும் சிக்கனம் கூடாது என்பதை நான் பிறர் பணத்தில் கற்றேன்.

ஆனால் எல்லார்க்கும் இதுதான் வேண்டும் என்று நான் சொன்னதாகக் கொள்ளவேண்டாம். ஆர்மோனியத்தில் மூன்றரை ஸ்தாயியில் ஒரு வாழ்நாள் முழுதும் வாசித்த வித்துவான்கள் உண்டு. மெல்லிசைக் குழுவில் வயலின் கூட்டத்தையும் குழலையும் ஆர்கனையும் மாற்றி மாற்றி வாசிப்பவருக்குக் கனமான கட்டை தடையே. கருநாடக இசை வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு வேண்டுவதும் முற்றிலும் வேறு. பியானோவில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. கமகம் இல்லாமல் தோடி ஏது? 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. கீபோர்டு சத்யநாராயணன் அவர்களைப் போன்றோர் சுரத்தை வளைக்கும் சிறு சக்கரத்தை இடக்கையால் இயக்கிக் கமகத்தைக் கொண்டுவருகிறார்கள். அச்சக்கரமோ அதே வேலையைச் செய்யும் நெம்புகோலோ எல்லா மேடைப் பியானோவிலும் இராது. ரோலண்டு ஆர்.டி.-2000-இல் உண்டு, யமாஹா பி-145-இல் இல்லை. நம் சங்கத்தில் சனிக்கிழமை பியானோ வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை கருநாடக இசை வகுப்பும் நடைபெறுகின்றன. ஆதலால் இது நமக்குச் சிறு செய்தியன்று.

இனி 'மேடைப் பியானோ' என்பதற்கு வருவோம். மேடைக்குப் பியானோவைத் தூக்கிச் செல்வது பழங்காலத்தில் பெரும்பாடு. 1976-இல் யமாஹா நிறுவனம் சி.பி.-70 என்றொரு மின்பியானோவை வெளியிட்டது. அதில் உண்மைத் தந்திகளே இருந்தன. இரண்டாகப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். 1986-இல் ரோலண்டு நிறுவனத்தின் ஆர்.டி.-1000 வந்தது, தந்தியும் இல்லை, சுருதி கூட்டும் வேலையும் இல்லை. கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள நம் பம்பாயில், சுருதி கூட்டுபவரை ஆண்டுக்கு இருமுறை அழைக்க வேண்டாத கருவி எத்தகைய பேறு என்பதை, துருவேறிய தந்தியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். (மும்பை என்று சொல்லவேண்டும், என் நாக்கு பழையது.)

மேடைப் பியானோவுக்கும் வீட்டு டிஜிட்டல் பியானோவுக்கும் உள்ள வேற்றுமையைப் பலர் விலையில் தேடுகிறார்கள். ஒலிபெருக்கியில் தேடுவது நலம். உயர்தர மேடைப் பியானோ பெரும்பாலானவற்றில் சொந்த ஒலிபெருக்கி இராது; அரங்கின் ஒலியமைப்போடு இணைத்தால்தான் கேட்கும். விலையுயர்ந்ததை வாங்கி வந்து மண்டபத்தில் வைத்துவிட்டால், சனிக்கிழமை வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நின்று ஊமைக் கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுக்கச் சங்கத்திடம் நிதி இல்லை என்பதைப் பொருளாளர் தலையசைத்து உறுதி செய்கிறார்.

அடுத்தது எடை. யமாஹா பி-145 ஏறத்தாழ 11 கிலோ. அந்நிறுவனத்தின் மேடைக் கருவியான சி.பி.-88 பதினெட்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். ரோலண்டு ஆர்.டி.-2000 ஏறத்தாழ 22 கிலோ. இவை உறையும் தாங்கியும் சேராத எடை. நம் மண்டபம் இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லை. பொங்கல் விழாவுக்கும் பள்ளி விழாக்களுக்கும் கருவியை இறக்கி ஏற்றுபவர் யார்? நானும், என்னினும் மூத்த நம் செயலாளரும். 88 கட்டைக் கருவி ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் நீளம். ஆட்டோ ரிக்‌ஷாவில் குறுக்கே வைத்தால் இருபுறமும் எட்டிப் பார்க்கும். குழுவில் வாசிக்கும் இளைஞர்கள் 73 கட்டைக் கருவிகளை நாடுவது இக்காரணத்தால்தான். சி.பி.-73 பதின்மூன்று கிலோவில் முடிகிறது. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பவருக்கு அது போதும். தேர்வுக்குப் படிப்பவருக்கு, இடக்கோடியில் ஒரு கட்டையைத் தேடி வெறும் மரத்தில் விரல் விழும் நாள் ஒன்று வரும்.

'பாலிஃபொனி' என்றொரு எண்ணைக் கடைக்காரர் சொல்வார். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் நிற்கக்கூடும் என்பதே அது. பத்து விரல் உள்ளவனுக்கு 64 எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் சிரித்தேன். மிதியை அழுத்தி வைத்துக்கொண்டு இரு கையாலும் அலை அலையாக வாசித்தால், விரல் எடுத்த சுரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பியானோவோடு வயலின் ஒலியையும் அடுக்கினால் கணக்கு இரட்டிக்கும். எண் தீர்ந்தால் பழைய சுரம் ஓசையின்றி அறுபடும். பழகுவதற்கு 64 குறைவன்று. மேடையில் ஒலிகளை அடுக்குபவர் 128-க்கு மேல் கேட்டு வாங்கட்டும். அதற்குமேல் எண்ணைப் பெருக்கிச் சொல்வது நம் காதைவிட விளம்பரத்துக்கே பயன்படும் என்பது என் கருத்து.

மிதியைப் பற்றிச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். சென்ற ஆண்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நான் வாடகைக் கருவியில் வாசித்ததை அவர்கள் மறக்கவில்லை. மிதியை அழுத்தினால் ஒலி அறுந்தது; காலை எடுத்தால் கோயில் மணிபோல் நீண்டது. பாடிய பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். கருவியின்மேல் பழியில்லை. பல கருவிகள் மின்சாரம் பாயும் அக்கணத்தில் மிதி எந்நிலையில் உள்ளதோ அதையே 'காலெடுத்த நிலை' என்று கொள்ளும். நானோ மிதியின்மேல் காலை வைத்துக்கொண்டு விசையைப் போட்டேன். அணைத்து, காலை எடுத்து, மீண்டும் போட்டிருந்தால் பத்து நொடியில் தீர்ந்திருக்கும். மேடையில் அது தோன்றினால்தானே? பெட்டியோடு வரும் சிறு மிதி வழவழத்த தரையில் நழுவி ஓடும். பியானோ மிதி வடிவில் கனமானதாக ஒன்றைத் தனியே வாங்குவது நன்று. பாதி அழுத்தினால் பாதி ஒலிக்கும் தன்மை அதற்கு உண்டா, கருவி அதை ஏற்குமா என்றும் கேட்டுக்கொள்க.

பாடகர்க்கு வாசிப்பவர் கவனிக்கவேண்டுவது சுருதி மாற்றும் விசை. ஒரு கட்டையில் பாடும் ஆடவர் இறங்கியவுடன் ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்மணி மேடையேறுவார். விசையை நான்கு முறை கீழ்நோக்கி அழுத்தினால், அதே விரலமைப்பில் வாசிக்கலாம். அந்த விசை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், எண்ணைக் காட்டும் திரையோடு இருக்கவேண்டும். சில எளிய கருவிகளில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு கட்டையை அழுத்தவேண்டும். இருட்டு மேடையில் அது நடவாது. மாற்றியதைத் திருப்பி வைக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஒலியமைப்போடு இணைக்கும் துளைகள் பின்புறம் இருக்கவேண்டும். காதொலிப்பான் துளையிலிருந்து கம்பியிழுத்து ஒப்பேற்றுவது மேடைக்கு ஆகாது. நீண்ட கம்பி இழுத்தால் மின்சாரத்தின் இரைச்சல் ஏறும், நடுவே 'டி.ஐ. பெட்டி' என்னும் சிறு பெட்டியை வைத்தால் அடங்கும். அரங்கத்தார் ஒரே கம்பியைத்தான் தருவார்கள் எனில், 'இடம்/மோனோ' என்று எழுதியுள்ள துளையில் மட்டும் செருகுக.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். "என் மகன் அமெரிக்காவிலிருந்து மலிவாகக் கொண்டு வருவான்" என்று இருவர் என்னிடம் சொன்னார்கள். நல்லெண்ணத்துக்கு நன்றி. வெளி அடாப்டர் உள்ள கருவியில் 100 முதல் 240 வோல்ட்டு என்று பொறித்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மின்னமைப்பு உள்ளேயே உள்ள சில பெரிய கருவிகள் அந்நாட்டு 120 வோல்ட்டுக்கே செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றே கதை முடியும். உத்தரவாதமும் பெரும்பாலும் கடல் தாண்டி வாராது.

இத்தனையும் பார்த்தபின் செயற்குழுவுக்கு என் பரிந்துரை இது: 88 கட்டை, தரப்படுத்திய முழுச் சுத்தியல் அமைப்பு, சொந்த ஒலிபெருக்கி, பின்புறம் முறையான வெளியீட்டுத் துளைகள், சுரம் வளைக்கும் சக்கரமோ நெம்புகோலோ, 15 கிலோவுக்கு மேற்படாத எடை. ரோலண்டு ஆர்.டி.-88 போன்ற ஒன்றிரண்டு கருவிகளே இவ்வளவுக்கும் பொருந்துகின்றன. உயர்தரக் கருவிக்கும் எளிய கருவிக்கும் விலை நான்கைந்து மடங்கு வேறுபடும். நாம் நடுவில் நிற்போம். மிஞ்சும் பணத்தில் ஆடாத தாங்கி ஒன்று, கெட்டியான உறை ஒன்று, உயரம் மாற்றக்கூடிய இருக்கை ஒன்று. எக்ஸ் வடிவத் தாங்கி வேண்டா. பிள்ளைகள் முழங்காலை இடித்துக்கொள்வார்கள், கருவியும் தொட்டில்போல் ஆடும். நம் சங்கத்தின் பெயர் பெரிதாக விளங்காதே என்று மனம் வருந்துவோர், இரண்டாம் மாடிக்கு 22 கிலோவை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முடிவை எண்களிடம் விடுவதாக இல்லை. வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தோபி தலாவ் பக்கமுள்ள கடைகளுக்குச் செல்கிறோம். அங்கே செய்யவேண்டியவை இவை. கடையின் ஒலிபெருக்கி எதையும் இனிமையாகக் காட்டும். வீட்டிலிருந்து அவரவர் காதொலிப்பானைக் கொண்டுவாருங்கள். ஒரே சுரத்தை மிக மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வலுக்க வாசியுங்கள். ஒலி படிக்கட்டுப்போல் தாவாமல் சரிவுபோல் ஏறுகிறதா என்று கேளுங்கள். தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்தியபடி அது தானே தேய்ந்து மறையும்வரை காத்திருங்கள்; மலிவான பதிவு நடுவில் ஒரே வட்டத்தில் சுழலத் தொடங்குவதைக் காது கண்டுகொள்ளும். கறுப்புக் கட்டைகளுக்கிடையே விரலை உள்ளே நுழைத்து, வெள்ளைக் கட்டையின் பின்பகுதியில் வாசித்துப் பாருங்கள்; கட்டையின் நெம்புகோல் குறுகியதாயின் அவ்விடம் கல்போல் இறுகியிருக்கும். விற்பனையாளர் வாசித்துக் காட்ட முன்வந்தால் நன்றி கூறி மறுத்துவிடுங்கள். அவர் வாசித்தால் பலாப்பலகையும் இனிக்கும்.

முதலில் வாசித்துப் பார்க்க ஒருவரை அழைத்திருக்கிறேன். அன்று படிக்கட்டில் என்னைக் கேள்வி கேட்டவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்று, கட்டையின் எடையைச் சொல்ல உன்னைவிடத் தக்கவர் இல்லையம்மா என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "வாங்குவது நான் சொல்வதைத்தானே மாமா?" என்று கேட்டாள். ஆம் என்று வாக்களித்திருக்கிறேன். செயற்குழு அவ்வாக்கைக் காப்பாற்றித் தரவேண்டும்.

உடன் வர விரும்புவோர் பத்தேகால் மணிக்கு நிலையத்தின் பயணச்சீட்டு வாயிலில் நிற்க. தூக்குவதற்கு இளைஞர் இருவர் தேவை.